எண்ணக் கூடாத கற்கள்

எங்கள் ஊர் ஏற்காட்டு மலையில், கரடியூரைத் தாண்டி மேலே. அப்போது பஸ் கிடையாது, நடைதான்.

ஊர் எல்லையில் பிள்ளையார் இருக்கிறார். கோயில் என்று சொல்ல முடியாது. மூன்று பக்கம் பலகைக் கல், மேலே ஒரு கல், உள்ளே அவர். அவருக்கு முன்னால் கருங்கல் குவியல். ஒவ்வொன்றும் கை அளவு, வழுவழுவென்று இருக்கும், ஒரு முனை மட்டும் உளி மாதிரி. ஏர் ஓட்டும்போதும் காப்பிக் குழி வெட்டும்போதும் மண்ணில் கிடைக்கும். கிடைத்தவன் அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. அன்றைக்கே பிள்ளையாரிடம் வைத்துவிட வேண்டும். வைத்ததை எண்ணவும் கூடாது. எண்ணினால் குறையும் என்பார்கள். எது குறையும் என்று யாரும் சொன்னதில்லை.

பிள்ளையாருக்கு விளக்கு வைப்பது என் வேலை. எனக்கு முன்னால் என் அப்பன் வைத்தார். விளக்கு வைக்கிறவனுக்குக் கோயிலை ஒட்டிய கொல்லை. பட்டா இல்லை, ஊர் வாயால் சொன்னதுதான். அதில் சாமையும் ராகியும் போட்டு ஐந்து பேர் சாப்பிட்டோம். ஊர் வேண்டாம் என்றால் எனக்கு எஸ்டேட் கூலிதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். தோளில் பை, கையில் நோட்டு. மலை ஊர்களின் பழைய கதையை எழுதுகிறேன் என்றார்.

இப்படித்தான் முன்பு பக்கத்து மலைக்கும் வந்தார்கள். சும்மா பார்க்கிறோம் என்று குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் லாரி வந்தது. அந்த மலையில் இப்போது சிவப்புக் குழிதான் இருக்கிறது. அலுமினியத்துக்கு மண் எடுக்கிறார்களாம்.

"ஏனுங்க, இந்தக் கல்லு எத்தன நாளா இங்க இருக்குதுங்க?"

"எனக்குத் தெரிஞ்சு இருக்குதுங்க."

"உங்க சனம் எங்கிருந்து இந்த மலைக்கு வந்துச்சுங்க?"

"நான் இங்கதானுங்க பொறந்தேன்."

அவர் சிரித்தார். "நொம்பக் கெட்டியான ஆளுங்க நீங்க. இது என்னன்னு தெரியுமுங்களா? இரும்பு வர்றதுக்கு முன்னால மனுசன் செஞ்ச கோடாலிங்க."

 அவர் தூர நின்று குவியலைப் படம் வரைந்தார். அதுவரை பொறுத்தேன். பிறகு ஒரு கல்லில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டி ஒரு தாளில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். கதை எழுதுகிறவனுக்கு மண் எதற்கு?

"வெள்ளிக்கிழம வர்றேனுங்க. ஒவ்வொண்ணா அளக்கணும்" என்று சொல்லிப் போனார்.

வியாழக்கிழமை காலை நல்ல மழை. பனி வேறு. ஆள் நடமாட்டம் இல்லை. கற்களைக் கோணிப்பையில் போட்டு மூன்று நடையாகக் கொண்டுபோய், கொல்லையில் ராகித்தாள் போருக்கு அடியில் வைத்தேன். என் வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

"சாமியக் கோணியில கட்டறீங்களே, இது நல்லாவா இருக்குது?"

"ரெண்டு நாளைக்குத்தான்."

"ஊர்க்கவுண்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க."

சொல்லவில்லை. ஊருக்குத் தலைவர் அவர்; அவரிடம் சொன்னால் அன்று மாலைக்குள் ஏற்காடு சந்தைக்கே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

வெள்ளிக்கிழமை அந்த ஆள் வந்தார். வெறும் இடத்தைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் ஊருக்குள் ஓடி, கல்லெல்லாம் களவு போய்விட்டது என்று கத்தினார். ஊரே வந்துவிட்டது.

என் பெரியப்பா மகன்தான் முதலில் வாயைத் திறந்தார். கொல்லை தன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் பேச்சு.

"காத்தால வெளக்கு வெச்சவன் யாரு? அவனக் கேளுங்க."

ஒளித்து வைத்தது நான்தான் என்றேன். எதற்கு என்றும் சொன்னேன். போரைப் பிரித்து எல்லாக் கல்லையும் கொண்டுவந்து பழைய இடத்தில் போட்டேன்.

"எல்லாத்தையும் ஒளிச்சானா, நல்லதாப் பொறுக்கி அந்தாளுக்குக் குடுத்துட்டு மிச்சத்த ஒளிச்சானா? யாரு கண்டா?" என்றார் அண்ணன்.

அந்த ஆள் நோட்டை நீட்டினார். "சண்ட வேண்டாமுங்க. போன தடவ போட்ட படம் இருக்குது. எண்ணிப் பாத்துடலாம்."

ஊர்க்கவுண்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். "எண்ணறதெல்லாம் உங்க ஊர்ல வெச்சுக்கோங்க."

அந்தப் படம் என்னைக் காப்பாற்றியிருக்கும். இருந்தாலும் கவுண்டர் சொன்னது எனக்கும் சரி என்றே பட்டது. அந்த நோட்டால் வரும் நல்லதை நான் நம்பவில்லை.

கவுண்டர் ஊரைப் பார்த்துச் சொன்னார். "எந்த ஊட்டுக்காரங்க எந்தக் கல்ல வெச்சாங்களோ, அவங்களே வந்து காட்டுங்க. ஒரு ஊட்டுக் கல்லு இல்லீனாலும் இவன் கொல்லைய உட்டுப்போட்டுப் போகணும்."

ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள்.

"இது எங்கப்பன் வெச்சது. கலியாணத்துக்கு மொத நாளு கெடச்சுது. என்னையப் பாக்கறதுக்கு முன்னால இந்தக் கல்லத்தான் பாத்தாருன்னு எங்கம்மா சாகற மட்டும் சொல்லிக் காட்டுச்சு."

"மொன ஒடஞ்சுருக்குதே, இது எங்களுது. ஏரு பட்டு ஒடஞ்சுது. அந்த வருசமே மாடும் போச்சு."

"பஞ்சத்துல கெழங்கு தோண்டப் போனப்பக் கெடச்சதுங்க இது. கெழங்கு கெடைக்கல."

அந்த ஆள் விடாமல் எழுதினார். "எழுதறாம் பாரு" என்றார் ஒருவர். "எழுதட்டும். கல்லத் தூக்கிட்டா போறான்?" என்றார் இன்னொருவர்.

ஊருக்கு இத்தனை கதை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். கேட்டு ரசிக்கும் நிலையில் நான் இல்லை. யார் குனிந்தாலும் அவர் கை கல்லைத் தொடும்வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் கடைசியாக வந்தார். இரண்டு மூன்றைப் புரட்டினார். நிமிர்ந்தார்.

"எங்க ஊட்டுக் கல்லு இல்ல."

 பின்னாலிருந்து புல்லுக்கட்டைத் தலையில் வைத்தபடி அவர் பெண்சாதி வந்தாள்.

"ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா? உங்க கால்கிட்டயே கெடக்குது. முதுகுல வெள்ளக் கோடு. குழி வெட்டி எடுத்தவ நானு. நீங்கதான் நெழல்ல ஒக்காந்துட்டு இருந்தீங்களே, எப்படி ஞாவகம் இருக்கும்?"

கூட்டம் சிரித்தது. மழையில் நனைந்து அடையாளம் தெரியவில்லை என்றார் அண்ணன்.

"கொல்லை இவனுதுதான்" என்று கவுண்டர் முடித்தார்.

ஆனால் குவியலில் பாதிக் கற்களை யாரும் தொடவில்லை. காய்ச்சலில் அழிந்துபோன வீடுகள், மலையைவிட்டு இறங்கிப்போன வீடுகள். அவர்கள் வைத்த கற்கள் அவை. அதில் ஒன்று குறைந்தால் சொல்ல ஆள் இல்லை.

அண்ணன் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார். "அந்தாளுக்குக் குடுத்தது இதுல இருந்துதானா?"

 இல்லை என்று காட்ட என்னிடம் என்ன இருக்கிறது?

அந்த ஆள் பிறகு வரவில்லை. புத்தகம் போட்டாரா, தெரியாது. தாளில் மடித்த மண்ணை என்ன செய்தார் என்பதும் தெரியாது. லாரி எங்கள் பக்கம் வரவில்லை. அதற்காக அவர் நல்லவர் என்று ஆகிவிடுமா?

கொல்லை என்னிடமே இருக்கிறது. ஆனால் கவுண்டர் அன்றே ஒரு கட்டுப்பாடு வைத்துவிட்டார். விளக்கு வைக்க நான் தனியாகப் போகக் கூடாது. தினம் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் கூட வருவார். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் வருகிறார்கள். நான் எண்ணெய் ஊற்றும்போது அவர்கள் என் கையைப் பார்ப்பார்கள். ஊற்றிவிட்டு நான் அவர்கள் மடி கனக்கிறதா என்று பார்ப்பேன்.