ஐந்து மணித் தண்ணீர்

மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ஒரு சலவை ஆலையில் என் சித்தி பாய்லர் ஆபரேட்டர். இருபத்திரண்டு வருடங்களாக அதே பாய்லர், அதே எண்ணெய் வாசனை. எந்தக் குழாயைப் பார்த்தாலும் புறங்கையால் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் நகர்வாள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைக்கூட அவள் விட்டதில்லை.

சென்ற கோடையில் பாய்லர் அறையில் ஆளுயரத்துக்கு மேலான ஒரு தொட்டி வந்து இறங்கியது. வெளியே தடிமனான பஞ்சு உறை, உள்ளே மின்சார ஹீட்டர். கொண்டுவந்த இன்ஜினியர் முதலாளியம்மாவிடம், "ஒரு மாசம் இருக்கட்டும். எண்ணெய் குறையலன்னா நாங்களே தூக்கிட்டுப் போயிடுறோம்" என்றான்.

சித்தி கேட்டாள்: "கரண்ட்ல தண்ணி காயவைக்கிறது சரி தம்பி. ஏன் மத்தியானம் பதினொண்ணுல இருந்து மூணு வரைக்கும் மட்டும்?"

"அப்பதான் ஊர்ல இருக்கிற சோலார் எல்லாம் ஒரே நேரத்துல கரண்ட்டைக் கொட்டுது, விலையும் அடிமட்டம். வாங்க ஆள் இல்லாம சில நாள் பேனலையே நிறுத்தி வைக்கிறாங்க."

"மிச்சத்தை பேட்டரியில போட்டு வைக்கிறதுதானே?"

"கட்டுபடியாகாது. உங்களுக்கு வேண்டியது சூடு. சூட்டை வெந்நீரா வச்சுக்கிட்டா ரொம்ப மலிவு. மறுநாள் காலையில அதுலயே துவைக்கலாம்."

இந்த யோசனை சித்தியைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, பழைய கம்பளி சுற்றி, மணிக்கொரு தரம் சூடு பார்த்தாள். "சாப்பாடு எப்பன்னு கேட்டா விஞ்ஞானி முறைக்கிறாங்க" என்றார் சித்தப்பா.

ஆலையில் இஸ்திரி போடும் அக்கா வேறு மாதிரி கேட்டாள். "பாய்லர் அணைஞ்சா உன் வேலையும் அணைஞ்சிடும். சக்களத்திக்கு நீயே பாய் விரிக்கிறியே?" சித்தி சிரித்து மழுப்பினாள். அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது.

ஆனால் தொட்டி சொன்னபடி நடக்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு எண்பது டிகிரி காட்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்த்தால் ஐம்பது. துவைக்கக் குறைந்தது எழுபது வேண்டும் என்பதால் வழக்கம்போல் பாய்லரைப் பற்றவைத்தார்கள். இன்ஜினியர் உறையைப் பிரித்துச் சுற்றினான், சூடு காட்டும் மானியை மாற்றினான். ஒன்றும் ஆகவில்லை. மூன்று வாரம் ஓடிவிட்டது.

ஒரு நாள் சித்தி பல் வைத்தியரிடம் போக மத்தியானமே கிளம்பினாள். அன்று மாலை உலர்த்தும் மெஷின்காரர் அறையைப் பார்த்துக்கொண்டார். மறுநாள் காலை மானியில் எழுபத்தாறு.

"நீ இல்லாத அன்னைக்குத்தான் சூடு நிக்குது" என்றாள் இஸ்திரி அக்கா.

சித்தி மெஷின்காரரைத் தேடிப் போனாள். "நேத்து போறப்ப தொட்டியில தண்ணி எவ்வளவு விட்டீங்க?"

"தண்ணியா? நான் எதையும் தொடலம்மா."

சித்தி அங்கேயே ஒரு துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பாய்லரில் தண்ணீர் குறைந்தால் வெடிக்கும். அதனால் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகுமுன் குறிவரை நிரப்பிவிட்டுத்தான் அந்தத் தொழிலில் யாரும் கிளம்புவார்கள். புதுத் தொட்டியையும் அப்படியே தினமும் நிரப்பியிருக்கிறாள். மத்தியானத் துவைப்புக்குப் போக மிஞ்சிய பாதித் தொட்டி வெந்நீரில் பாதித் தொட்டி பச்சைத் தண்ணீர். கதவைத் தாழிடுவதை யாராவது பதிவேட்டில் ஒரு வேலை என்று எழுதுவார்களா? தண்ணீர் நிரப்பியதை அவளும் எழுதவில்லை.

அன்று மாலை எங்களிடம் சொன்னாள். சித்தப்பா விரல் மடக்கி எண்ணினார். "இன்னும் அஞ்சு நாள்தான். பேசாம இருந்தா தொட்டி போயிடும், உன் வேலை தப்பிக்கும். சொன்னா, வேணும்னே செஞ்சேன்னுதான் நினைப்பாங்க."

"நினைக்கட்டும். ஏன் ஆறுச்சுன்னு தெரியாமலே தூக்கிட்டுப் போவாங்களே, அதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

மறுநாள் முதலாளியம்மாவையும் இன்ஜினியரையும் நிறுத்திச் சொல்லிவிட்டாள். முதலாளியம்மா கேட்டார்: "மூணு வாரமாவா?"

"மூணு வாரமா."

"தொட்டி இங்கயே இருந்துட்டா பாய்லர் வேலை பாதியாயிடும். தெரியும்ல?"

"தெரியும்மா."

அதன் பிறகு காலை பத்து மணிக்கு, ஹீட்டர் ஓடுமுன், தண்ணீர் நிரப்பினார்கள். முதல் நாள் மாலை பாதித் தொட்டியை விட்டுக் கிளம்பிய சித்தி வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பி வந்தாள். ஆனால் வால்வைத் தொடவில்லை. அடுத்த நான்கு நாள் காலையும் தொட்டித் தண்ணீரிலேயே துவைத்தார்கள். பாய்லர் இஸ்திரிக்கான நீராவிக்கு மட்டும் எரிந்தது.

ஐந்தாம் நாள் இன்ஜினியர் தலையைச் சொறிந்தபடி வந்தான். "அக்கா, இன்னும் ரெண்டு ஆலையில இதே மாதிரி ஆறிப்போகுதுன்னு தொட்டியைத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"அங்க பாய்லர் பாக்கிறவங்களுக்கு எத்தனை வருஷ சர்வீஸ்?"

"ஒருத்தருக்கு முப்பது இருக்கும். ஏன்?"

"அப்ப அவரு முழுத் தொட்டியையே நிரப்பியிருப்பாரு."

முதலாளியம்மா முதல் முறையாகச் சிரித்தார். "மத்தியானம் இவளுக்கு இங்க வேலை குறைவுதான். அந்த ஆலைக்கெல்லாம் கூட்டிட்டுப் போ, இவ சொல்லிக் குடுக்கட்டும். ஆனா சம்பளத்துல பாதி உங்க கம்பெனி குடுக்கணும்" என்றார் இன்ஜினியரிடம்.