அடி தட்டும் கார்

நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன் என்பதால் அது 2007. மாதம் தை, சாலையோரமெங்கும் அறுத்த நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். கிழமைதான் தகராறு. அம்மா வெள்ளி என்கிறாள். பள்ளிக்கு விடுப்பு எடுத்த நினைவு எனக்கில்லை, ஆகவே ஞாயிறு.

முதுநகரிலிருந்து அக்காவைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனோம். கோயிலில் தற்செயலாக எதிர்ப்பட்டதுபோல மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பார்ப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை, அன்றிரவே விமானம். உச்சி வேளையில் நடை சாத்துவதற்குள் நாங்கள் போய்ச் சேர வேண்டும். அலைந்து அலைந்து பொருந்திய முதல் ஜாதகம் அது. மேலே படிக்க வேண்டும் என்று அக்கா கேட்டதற்கு, "கல்யாணத்துக்கு அப்பறம் படிச்சிக்கயேன், யாரு வேணான்னா?" என்று அப்பா முடித்துவிட்டிருந்தார்.

அப்பா அப்போதுதான் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். பின்னால் டிக்கி நீண்ட, கம்பீரமான வண்டி. ஆனால் தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. ஆட்கள் ஏறினால் இன்னும் தாழும். அடி தட்டினால் ஆயில் சேம்பர் உடையும், எஞ்சினே போய்விடும் என்று மெக்கானிக் பயமுறுத்தியிருந்தார். அதனால் எங்கள் வீட்டில் ஒரு நடைமுறை உருவாகியிருந்தது. வேகத்தடை வந்தால் வண்டி நிற்கும். அப்பாவைத் தவிர எல்லோரும் இறங்குவோம். அக்கா ஓரமாகக் குந்தி, அடியில் இருக்கும் இடைவெளியைப் பார்த்துக் கையசைப்பாள். "ரைட்ல ஒடிங்கப்பா... சாச்சி ஏத்துங்க... மெதுவா." வண்டி தாண்டியதும் மறுபடி ஏறுவோம்.

அன்று பட்டுப்புடவையோடும் அவள்தான் குந்தினாள். அவள் கண்ணைத் தவிர வேறு யார் கண்ணையும் அப்பா நம்பியதில்லை.

"மச்சான், சிதம்பரத்துக்கு நடந்தே போறதுக்கு எதுக்கு காரு?" என்றார் தாய்மாமா.

"நீ ஒருத்தன் எறங்குனாலே வண்டி நாலு வெரக்கட ஏறுது. பேசாம நட."

"மணியாவுது, அவுங்க வந்து நின்னுக்கிட்டு இருப்பாங்க," என்று அம்மா ஒவ்வொரு தடவையும் சொன்னாள். டீக்கடையிலிருந்து ஒருவர், "என்ன சார், தள்ளணுமா?" என்று எழுந்தே வந்துவிட்டார். பின்னால் பேருந்துகள் ஹாரன் அடித்தன. ஒவ்வொரு மேட்டுக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சாமியை வேண்டினேன். காரால் அக்கா கல்யாணம் நின்றுபோகக் கூடாது என்பதுதான் வேண்டுதல்.

முட்லூர் தாண்டி ஒரு வேகத்தடை. ஏதோ விபத்துக்குப் பிறகு ஊர்க்காரர்களே போட்டது; சின்னச் சுவர்போல நின்றது. அக்கா குந்தி, வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "நேரா வாங்கப்பா. எடம் நெறைய கெடக்கு," என்றாள்.

அப்பா நேராக வந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கறுப்பாக எண்ணெய் வழிந்து, காய்ந்துகொண்டிருந்த நெல்லை நோக்கி ஓடியது. அப்பா வெள்ளை வேட்டியோடு சாலையில் படுத்து அடியில் பார்த்தார். படுத்தவர் சீக்கிரம் எழவில்லை.

மாமா செல்போனில் அவர்களைக் கூப்பிட்டார். "சரிங்க... சரிங்க..." என்று கேட்டுக்கொண்டார். வைத்துவிட்டு, "வரும்போதே வண்டி ஒடஞ்சா சகுனம் நல்லால்லயாம். அவுங்க கெளம்புறாங்களாம்," என்றார். அம்மா வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா தள்ளிப்போய், வயலைப் பார்த்து நின்றாள். நான் ஓடிப்போய், "அழாதக்கா, இதவிட நல்ல மாப்பிள்ளையா வருவாங்க," என்றேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. நான் பயந்து அம்மாவைக் கூப்பிடத் திரும்பியபோது, பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டி, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு துக்கத்தைப் பார்க்கப் பொறுக்காமல் நானும் அவளோடு சேர்ந்து அழுதேன். அந்த வயல் ஓரத்தில் அழுதது நான் மட்டும்தான் என்பது அன்றைக்குத் தெரியாது.