சிவப்பு எப்போதும் இடது பக்கம்

பிஎச்.டி. வைவாவில், கேள்வி கேட்க வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல், தீசிஸின் எழுபத்திரண்டாம் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "மோதிட்டு ரெண்டும் வந்த பக்கமே திரும்பிப் போகுதுன்னு எழுதியிருக்கீங்க. எப்படித் தெரியும்?"

என் மாணவி பாத்திமா என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். இதற்கு மேல் குளிர முடியாது என்கிற அளவுக்கு அணுக்களைக் குளிர்வித்தால் அத்தனையும் சேர்ந்து ஒரே அலையாகிவிடும். சாதாரண அலை போகப் போகப் பரந்து கரையும். ஒன்றையொன்று இழுக்கும் அணுக்களாக இருந்தால் அந்த இழுப்பு பரவலைத் தடுத்துவிடும். அலை கட்டியாக, வடிவம் குலையாமல் ஓடும். அதுதான் சாலிட்டான். நிஜத்தில் செய்ய லேசர், வேக்குவம் பம்ப் எல்லாம் வேண்டும். தென்காசியில் எங்கள் கல்லூரியில் இருந்தது ஒரு கம்ப்யூட்டர். அது சூடாகாமலிருக்க ஒரு டேபிள் ஃபேன். அதில் சிமுலேஷன் ஓட்டித்தான் கடையநல்லூர் நெசவாளர் வீட்டுப் பெண் பாத்திமா ஐந்து வருஷம் பிஎச்.டி. செய்தாள். நான் கைடு. படம் வரையும் புரோகிராம் மட்டும் என் கைவண்ணம்.

சம அளவுள்ள இரண்டு சாலிட்டான்களை, ஒன்றுக்குச் சிவப்பு, இன்னொன்றுக்கு நீலம் பூசி, எதிரெதிராக விட்டோம். படத்தில் சிவப்பு இடமிருந்து வந்து, நீலத்தை முட்டி, இடதுக்கே திரும்பியது. ஒவ்வொரு தடவையும்.

"சார், எனக்குச் சந்தேகமா இருக்கு" என்று பாத்திமா அப்போதே சொன்னாள்.

"கண்ணு முன்னாடி திரும்புதுல்லா, பெறவு என்னம்மா சந்தேகம்?" என்று அடக்கிவிட்டேன். அந்தப் பெரிய மனுஷத்தனம் இப்போது அவள் பட்டத்துக்கே உலை வைத்திருந்தது.

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார்" என்று எக்ஸ்டர்னலிடம் கேட்டு லேப்டாப்பைத் திறந்தாள். "ரெண்டும் ஒரே அளவுன்னா எது எதுன்னு தெரியாது. ஒண்ணக் குண்டாக்கிருதேன்." நிறத்தை எடுத்துவிட்டு, இடப்பக்கத்து சாலிட்டானில் அணுக்களை இரண்டு மடங்காக்கி ஓட்டினாள். குண்டு, ஒல்லிக்குள் புகுந்து வலப்பக்கம் போய்ச் சேர்ந்தது. அதே வேகம், அதே உருவம். மோதாமல் போயிருந்தால் இருக்கவேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் முன்னால் இருந்தது. மோதியதற்கு அடையாளம் அவ்வளவுதான்.

"அப்போ அந்தச் சிவப்பு?" என்றார் எக்ஸ்டர்னல்.

"இடது பக்கம் எது இருந்தாலும் சிவப்பு வர்ற மாதிரி நாங்கதான் புரோகிராம் எழுதிட்டோம் சார்."

நாங்களாம்! எழுந்து நின்றேன். "நாங்க இல்ல சார், நான். அவ சொன்னா, நான்தான் கேக்கல." முப்பது வருஷ சர்வீஸில் என் பேச்சை ஓர் அறையே அவ்வளவு கவனமாகக் கேட்டது அன்றுதான்.

எக்ஸ்டர்னல் சிரித்துவிட்டார். அந்த அத்தியாயத்தை மட்டும் திருத்தச் சொல்லி, பட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டார். புதிதாக கைடு ஆகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளைகள் சந்தேகம் என்றால், முதலில் நீங்கள் பூசிய நிறத்தைக் கழுவிப் பாருங்கள்.

சாயங்காலம் எக்ஸ்டர்னலைக் குற்றாலம் கூட்டிப்போனேன். சீசன் கூட்டம். கழற்றிய என் சட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் வெளியே நிற்க, மெயின் அருவிக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தேன்.

"சார், தாண்டி வந்தது நீங்கதானா?" என்று கத்தினார்.

தொப்பையைத் தட்டிக் காட்டினேன். "அடையாளத்துக்குத்தான் சார் இத வளத்திருக்கேன்!"