மாமாவின் இரண்டாவது பேட்டரி

என் அக்கா புருஷனுக்கு டெப்போவில் வைத்த பெயர் ஹேண்ட்பிரேக். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு பேச்சில் நின்றுவிட்டால் நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் நகரமாட்டார். நான் வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்கிறவன். அவருக்குப் பெண் கொடுத்த வீட்டில் பிறந்த பாவத்துக்கு, அவர் வீட்டில் எந்த விளக்கு எரியாவிட்டாலும் நான்தான் போய் நிற்கவேண்டும்.

அவர் மகள் ஒரு தையல்காரனைத் தானே பார்த்து, ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். தங்கமான பையன். ஆனால் மாமா அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இனி அவ வீட்டுப் படிய மிதிக்கமாட்டேன். அவ வீட்டுத் தண்ணி என் தொண்டைல இறங்காது." நாலு வருடம் அப்படியே ஓடியது. அக்கா வாயே திறக்கவில்லை. பேரக்குழந்தையின் போட்டோ வந்த அன்றுதான், "நீங்க வந்தா வாங்க, இல்லேன்னா நான் தனியா பஸ் ஏறிடுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

அக்காவுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும். மூக்கில் மாஸ்க் மாட்டி, விடியும்வரை காற்றை ஊதிக்கொண்டிருக்கும் சின்ன மெஷின் இல்லாமல் அவளால் படுக்கமுடியாது. மகள் ஊர் பத்து மணி நேரப் பயணம். போனால் தங்கித்தான் ஆகவேண்டும். மகள் வீட்டில் தங்கினால் சொன்ன சொல் என்ன ஆவது? லாட்ஜில் தங்குங்களேன் என்றேன். "ஊரான் படுத்த மெத்தைல நான் படுக்கமாட்டேன்" என்றார். அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார், மகராசன். பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் போட்டார். மகள் வீட்டுத் தெருவில் வேனை நிறுத்தி ஒரு வாரம் அதிலேயே இருப்பார்களாம். பகலில் அக்கா மாடியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்க் குழந்தையைக் கொஞ்சிக்கொள்ளலாம். இருட்டினால் வேனுக்கு வந்துவிடவேண்டும். மெஷினுக்குக் கரண்ட் வேண்டுமே, அதற்கு என்னைக் கூப்பிட்டார்.

"என்னத்துக்கு இன்னொரு பேட்டரி? வண்டி பேட்டரிலயே மாட்டு."

"அது வண்டிய ஸ்டார்ட் பண்றதுக்கு மாமா. ஒரு தடவ ஓங்கிக் குடுத்துட்டு ஓஞ்சிரும். ராத்திரி முழுக்கக் கொஞ்சங்கொஞ்சமா குடுக்குற பேட்டரி வேற. இதுல மாட்டினீங்கன்னா காலைல வண்டியும் எழுந்திருக்காது, அக்காவும் எழுந்திருக்க மாட்டா."

அந்தக் கடைசி வார்த்தைக்கு அடங்கினார். கட்டிலுக்கு அடியில் பெரிய பேட்டரி, அதை ஒட்டியே ஒரு ஃபியூஸ், பேட்டரியிலிருந்து வரும் வாயு வெளியேறத் தரையில் ஓட்டை போட்டு ஒரு குழாய். கூரைமேல் சோலார் பேனல். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கவனிக்கிற சின்னப் பெட்டி. அதில் பச்சை எரிந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, சிவப்பு எரிந்தால் காலியாகப்போகிறது. வண்டி ஓடும்போது இன்ஜினிலிருந்தும் சார்ஜ் ஏறுகிற மாதிரி ஒரு வயர் இழுக்கிறேன் என்றேன். "என் இன்ஜின்ல கை வச்சேன்னா அப்புறம் மாப்ளன்னு பாக்கமாட்டேன்" என்றார். விட்டுவிட்டேன். விட்டிருக்கக்கூடாது.

கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னேன். "வெயில்ல நிறுத்துங்க மாமா. பேனல் மேல ஒரு கிளையோட நிழல் விழுந்தாக்கூட சார்ஜ் பாதிக்கு மேல போயிடும்."

"எனக்கே வண்டி நிறுத்தச் சொல்லித் தர்றியா நீ?"

முப்பத்தோரு வருடம் ஸ்டியரிங் பிடித்தவனின் கண் எதைத் தேடும் என்று நான் யோசித்திருக்கவேண்டும். நிழலைத்தான் தேடும். மகள் வீட்டுக்கு எதிரே அடர்த்தியாக ஒரு மரம் இருந்தது. டயர் சூடாகாமல், அக்காவுக்கு வேர்க்காமல், பார்த்துப் பார்த்து அதன் அடியில் நிறுத்தியிருக்கிறார். அக்கறைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். முதல் ராத்திரி மெஷின் ஓடியது, இரண்டாவது ராத்திரியும் ஓடியது. பகலெல்லாம் மரத்தடியில் கிடந்த பேனல் பேருக்குக்கூட ஒன்றும் ஏற்றவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் சிவப்பு விளக்கு எரிந்ததைப் பார்த்திருக்கிறார். கண்ணைக் குத்துகிறது என்று அதன்மேல் துண்டைப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். அன்று ராத்திரி மெஷின் நின்றுவிட்டது.

காலையில் மருமகன்தான் போனில் சொன்னான். அக்கா மூச்சுத் திணறி எழுந்து, வேன் கதவைத் திறந்துகொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு அவன் மாடி ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயரை இறக்கி, ஓடிவந்து மெஷினில் மாட்டினான். மகள் கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். அத்தனை பேர் முன்னால் மாமா அந்த வயரைப் பிடுங்கிப் போட்டார். "இந்த வீட்டுக் கரண்ட் எங்களுக்கு வேண்டாம். விடியட்டும், நான் பாத்துக்குறேன்."

அடப்பாவி மனுஷா. அங்கே ஒருத்திக்கு மூச்சு போகிறது, இவருக்கு மானம் போகிறதாம்.

அக்கா சண்டை போடவில்லை, அழவும் இல்லை. மெஷினை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாஸ்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குப் படியேறினாள். அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி என்மேல்தான். பஸ் ஏறிவிடுவேன் என்று அக்கா சொன்ன அன்றே அவர் பிடிவாதம் ஆட்டம் கண்டிருந்தது. நான் கையை விரித்திருந்தால் வேறு போக்கில்லாமல் மகள் வீட்டில் போய்த் தங்கியிருப்பார். தங்காமல் இருக்க வழிசெய்து, வயர் இழுத்து, வழியனுப்பியும் வைத்தவன் நான்தான்.

பத்து நாள் கழித்து அங்கே போனேன். வேன் சுட்டெரிக்கிற வெயிலில் தெருக்கோடியில் நின்றது. ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டு, அதிலேயே படுத்து எழுந்துகொண்டு, மனிதர் பாதியாகிவிட்டார் என்று மருமகன் சொன்னான். நான் மேலே போய்க் குழந்தையை மடியில் வாங்கிய நேரத்தில் போன் அடித்தது. மாமாதான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாப்ள, வந்துட்டியாமே. பேட்டரி ரெண்டு நாளா ஃபுல்லா நிக்குது. பச்சையா எரியுது. உங்கக்காவ இன்னைக்கு ராத்திரி வரச் சொல்லு."

ஜன்னலிலிருந்து எட்டிப்பார்த்தேன். வேனை விட்டு வந்து ஜன்னலுக்கு நேர் கீழே நின்று, மேலே நிமிராமல், போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அத மேல வந்து என்கிட்டச் சொல்லச் சொல்லு" என்றாள் அக்கா. "சொன்னா இப்பவே அவரோட இறங்கி வர்றேன். பதினேழு படிதான்."

நான் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை, அவருக்கே கேட்டிருந்தது. மகள் வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"வண்டியத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது?" என்றார்.

அக்கா வந்து ஜன்னலைச் சாத்தினாள்.