சந்தனப் பொட்டு வைத்த முயல் துவக்கு

நேற்று லண்டனிலிருந்து மருமகன் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். எண்கோணக் குழல் வைத்த பழைய ஆங்கிலேயத் துவக்கு. காகமும் முயலும் சுடுவதற்கென்று அந்தக் காலத்துக் கனவான்கள் செய்வித்தது. ஏலத்துக்கு வந்திருக்கிறதாம். “மாமா, அம்மப்பான்ர துவக்கும் இப்பிடித்தானே? குழலில என்ன முத்திரை, எந்தக் கடை விலாசம்? அதை வைச்சு வருசம் கண்டுபிடிக்கலாம்.” பிள்ளைக்கு ஆராய்ச்சி மூளை. எங்கள் அம்மாவின் கைவண்ணத்தைக் கண்டதில்லை, பாவம்.

வன்னியில், மல்லாவியில் அப்பாவிடம் இருந்ததும் அதே சாதிதான். ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரிடம் வாங்கியது. பன்றிக்குச் சுட்டால் பன்றி திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். ஆனாலும் எங்கள் பயற்றங்காணியை முயல்களிடமிருந்து காப்பாற்றியது அதுதான். அதைத் தோளில் போட்டுக்கொண்டால் அப்பா ஏதோ தேசம் பிடிக்கப் போகிறவர் மாதிரி நடப்பார்.

ஆயுத பூசை வந்தால் மண்வெட்டி, கத்தியோடு துவக்கும் அம்மாவிடம் போகும். குத்துவிளக்குக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை: பழப்புளி, சாம்பல், தேய்க்கத் தேங்காய்த் தும்பு. வருடா வருடம் தேய்த்ததில் கிரீடம் போட்ட முத்திரை போனது, லண்டன் கடை விலாசம் போனது, கடைசியில் இலக்கமும் போனது. அந்த இடத்தில் ஒரு சந்தனப் பொட்டு.

“இஞ்சாரும், எழுத்தெல்லாம் எங்கை?” என்றார் அப்பா.

“ஊத்தை கிடந்தது, எடுத்தனான். எப்பிடி மினுங்குது பாருங்கோ!”

அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போன இடத்தில் அதிகாரி குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். “இலக்கம் இல்லாததை உங்கட துவக்கெண்டு எப்பிடி ஐயா நம்புறது?”

“அந்தப் பொட்டு என்ர மனுசி வைச்சது” என்றாராம் அப்பா.

அரசாங்கத்துக்குச் சந்தனம் சாட்சியாகப் போதவில்லை. துவக்கை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெறுந்தோளோடு வந்த அப்பா அம்மாவை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அம்மா அழாமல் இருந்திருப்பா. அந்தப் போகம் பயறு முழுவதும் முயல்களுக்கு விருந்து.

பிறகு சண்டையோடு எங்கள் பக்கம் வந்த துவக்குகளை இனங்காண முத்திரை தேவைப்படவில்லை. சத்தத்தை வைத்தே வகை சொல்லச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. அந்தத் துறையில் வன்னி முழுவதும் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள். அவற்றில் ஒன்றுகூட முயலுக்கென்று வந்ததில்லை.

அந்த நாட்களில் அப்பாவின் துவக்கு வெடித்தால் பக்கத்துக் காணிக்காரர் வேலிக்கு வந்து எட்டிப் பார்ப்பார். “அண்ணை, முயலோ? எங்களுக்கும் ஒரு துண்டு தாங்கோ!” துவக்குச் சத்தம் கேட்டு ஒரு மனிதர் சத்தம் வந்த பக்கமே நடந்து வந்து, சிரித்துக்கொண்டு கறிக்குப் பங்கு கேட்டார். அப்படி ஒரு காட்சியை அதற்குப் பிறகு நான் காணவேயில்லை.