பெண்கள் பக்கத்துக் காவல்

சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, வெற்றிலை வாய். குற்றாலம் அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்துக்கு அந்த அக்காதான் காவல். ஆண்கள் அங்கே வர முடியாது என்பதால், சிறுமிகளிடம் தாராளமாகப் பேச்சுக் கொடுப்பார்.

நான் குளிக்கப் போன அன்று ஒரு சிறுமியிடம், "ஏட்டி, கூட வந்தது யாரு?" என்றார்.

"மாமா. கேரளாவுக்கு வேலைக்குக் கூட்டிட்டுப் போறாவ."

"மாமா பேரு?"

"மாமான்னுதான் கூப்பிடச் சொன்னாவ."

"பேரு தெரியாத மாமனா? இங்கனயே நில்லு."

அக்கா போன் செய்தார். வெளியே காத்திருந்தவனைப் போலீஸ் பிடித்தது. அக்கா தன் துண்டாலேயே அவள் தலையைத் துவட்டிவிட்டார்.

என்னையும் அந்த வயதில் ஒருவன் வேலைக்கென்று கூட்டிப்போய் மில்லில் விற்றான். வழியில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"நீ ஏன்ட்டி அவள மொறைக்க?" என்றார் அக்கா.

இந்த வயதில் ஒரு குழந்தைமேல் பொறாமை என்று எப்படிச் சொல்வது?