ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

அந்த எரரை மறைத்தது நீங்கள்தான். லண்டன் கிளைச் செயலாளரான உங்களுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் ஊர்ச் சங்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நெடுந்தீவு நோயாளிகளைக் குறிகட்டுவான் துறைக்கு ஏற்றிவரச் சங்கம் ஒரு படகு விட்டது. அதில் இடம் பதிய இணையத்தளம் வேண்டும் என்றார்கள். இங்கே ஊரில், மடத்துவெளியில் வீட்டிலிருந்தே கணினி வேலை செய்கிறவள் என்பதால் என்னைப் பிடித்தார்கள். ஒரு ஆள் ஒரே புறொஜெக்ற்றாக எழுதி முடிக்கிற வேலை அது. ஆனால் லண்டன் கிளை செய்தால் கனடாக் கிளை ஒத்துக்கொள்ளாது, கனடா செய்தால் நீங்கள் விடமாட்டீர்கள். கடைசியில், கோயில் திருவிழாவை உபயகாரருக்குப் பிரித்துக் கொடுப்பது மாதிரி மூன்றாகப் பிரித்தோம். பதிவுப் பக்கம் உங்களுக்கு. படகுக்காரர் பார்க்கும் பெயர்ப்பட்டியல் கனடாவுக்கு. இரண்டுக்கும் பொதுவான அடிப்பகுதி எனக்கு.

பதிவுகள் எந்தத் தரவுத்தளத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லும் செற்றிங்ஸ் கோப்பு என் பகுதியில் ஒன்று இருந்தது, உங்கள் பகுதியிலும் ஒன்று. என்னுடையதில் உண்மையான தளம். உங்களுடையதில் நீங்கள் பழகிப்பார்க்க வைத்திருந்த தளம். இரண்டுக்கும் ஒரே பெயர். சேர்த்துப் பப்ளிஷ் பண்ணினால், ஒரே இடத்துக்கு ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் வருகின்றன என்று எரர் காட்டி நின்றுவிடும். அது நிற்கத்தான் வேண்டும்.

மூன்று தரம் உங்கள் கோப்பின் பெயரை மாற்றினேன். மூன்று தரமும் திருப்பி மாற்றினீர்கள். பிறகு போன்.

"எங்கட பகுதியில கை வைக்க ஆர் உமக்குச் சொன்னது?"

"அண்ணை, ரெண்டில ஒண்டு போகவேணும்."

"அப்ப உம்மடையை எடும்."

"என்ரயிலதான் சரியான தளம் கிடக்கு."

"ஆற்ற சரி? கனடாக்காரர் சொல்லித்தந்த சரியோ?"

எனக்குக் களைத்துவிட்டது. வேறு வேலைகளும் இருந்தன. இரண்டு கிழமை அதைத் திறந்தும் பார்க்கவில்லை. ஒரு நாள் உங்கள் செய்தி வந்தது: "ஏறீட்டுது பிள்ளை. நீர் கிடந்து முறிஞ்ச வேலை, எனக்கு ரெண்டு நிமிசம்." எப்படி ஏறியது என்று நான் பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை. அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

அதுவரை போனில் வந்த பதிவுகளை நான்தான் உண்மையான தளத்தில் ஏற்றிவந்தேன்; படகுக்காரரின் பட்டியலும் அதிலிருந்துதான் வரும். ஆஸ்பத்திரியில் கண் கிளினிக் நாளுக்குப் படகு ஏற்கனவே நிரம்பியிருந்தது. உங்கள் பதிவுப் பக்கத்துக்கு அது தெரியாது. பழகுகிற தளத்தைப் பார்த்து, இடம் இருக்கிறது என்று மகளைக்கொண்டு போனில் பதிந்த, நெடுந்தீவில் மாடு வளர்க்கும் ஒரு அக்காவுக்குச் சொன்னது. அவருக்கு அன்று யாழ்ப்பாணத்தில் கண் ஒப்பரேசன். ஒரு கண் ஏற்கனவே போய்விட்டது, மற்றதற்குத்தான் திகதி கிடைத்திருந்தது.

காலையில் நெடுந்தீவு இறங்குதுறையிலிருந்து எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, இடம் இருக்கெண்டு போனில வந்தது. இவர் என்ர பேர் இல்லையெண்டுறார்."

பக்கத்தில் படகுக்காரர்: "ஆள் முட்டீட்டுது அக்கா. பேர் இல்லாட்டி ஏத்த ஏலாது."

"நான் மாட்டையே ஏத்தச் சொல்லுறன்? என்னைத்தானே."

"மாடெண்டாலும் ஏலாது, அக்கா."

இடமில்லை என்று முதலே சொல்லியிருந்தால் விடிய வழக்கமான சேவைப் படகில் போயிருப்பார். அது போய் ஒரு மணித்தியாலம். ஒப்பரேசன் தவறியது. அடுத்த திகதி நாலு மாதத்துக்குப் பிறகு. அதுவரை அந்தக் கண் தாங்குமா என்று டொக்டரும் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் உங்கள் புறொஜெக்ற்றைத் திறந்தேன். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் வந்தாலும் நிற்காதே என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். அதற்குப் பிறகு உங்கள் கோப்பு என்னுடையதன் மேலே விழுந்திருக்கிறது. அந்த வரியை எடுத்து, ஒரே கோப்பை விட்டு, திரும்பப் பப்ளிஷ் பண்ண இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் நீங்கள் எழுதியது: "அவ சரியாப் பதியேல்லைப் போல. தீவில இருக்கிற ஆக்களுக்கு இதுகள் பழக்கமில்லை." அதற்குக் கீழே பதினொரு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அந்த அக்கா அதை வாசிக்கவில்லை. வாசிக்க அவருக்குக் கண் தெரியாது. மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

இந்த ஞாயிறு எல்லாக் கிளைகளும் சேரும் சூம் கூட்டத்தில் அந்த அக்காவும் இருப்பார், வரச்சொல்லிக் கேட்டுவிட்டேன். அவர் பதிந்தது பிழையா, அந்த வரியைச் சேர்த்தது யார் என்று அவர் காதிலும் எல்லார் காதிலும் விழ, உங்கள் வாயால் சொல்லுங்கள்.